விழாவறை முரசும் வாசல் கரும்பலகையும்

மணிமேகலையில் பதிகம் முடிந்ததும் வருவது விழாவறை காதை. கதைத் தலைவி இன்னும் வரவில்லை, மாதவியையும் காணோம். புகார் நகரத்துப் பல குழுவினரும் ஓரிடத்தில் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்திர விழாவை எடுக்க மறந்தால் நாளங்காடிப் பூதம் சும்மா விடாது என்பது அவர்களுடைய கவலை. இன்றைய வழக்கில் இதற்கு விழாக்குழுக் கூட்டம் என்று பெயர். பூதத்தின் இடத்தில் நமக்குத் தணிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். முடிவானதும் வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முரசறையும் பழங்குடியில் பிறந்த ஒருவன் ஊருக்கு அறிவிக்கிறான். உ.வே. சாமிநாதையர் 1898இல் இந்தக் காப்பியத்தைப் பதிப்பித்துத் தந்தபோது, ‘நடைபெற இருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று நாம் பலகையில் எழுதும் தலைப்புக்கு ஒரு முன்னோடியையும் சேர்த்தே தந்துவிட்டார்.

அந்த அறிவிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊர் வாழ்க, மாதம் மும்மாரி பெய்க, அரசன் கோல் கோணாதிருக்க என்று வாழ்த்து சில அடிகளில் முடிந்துவிடுகிறது. சிறப்பு விருந்தினர் இல்லாமல் இல்லை. இந்திரனே வருகிறான், தேவர்களும் வருகிறார்கள், கரிகாலன் நீங்கிய நாளில் புகார் வெறிச்சோடியது போலப் பொன்னகரம் வெறிச்சோடும்படி வருகிறார்கள். ஆனால் வாழ்த்துக்கும் வேலைக்கும் நடுவே அவர்களுக்குச் சில அடிகள்தான். அதன்பின் வருவதெல்லாம் ஏவல். நிறைகுடம் வையுங்கள், பாவை விளக்கு ஏற்றுங்கள், குலை தள்ளிய கமுகையும் வாழையையும் கரும்பையும் நட்டுக் கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள், மாடங்களில் கொடி ஏற்றுங்கள். நெற்றிக்கண் இறைவன் தொடங்கிச் சதுக்கத்துத் தெய்வம் வரை ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். நல்லுரை சொல்லத் தெரிந்தவர்கள் பந்தலுக்கும் பொதியிலுக்கும் போய்ச் சேருங்கள். சமய வாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள். பகைவரோடுகூட இந்த 28 நாளும் சினமும் பூசலும் வேண்டாம்.

கேட்கிறவன் ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. நம் அழைப்பிதழ்களில் இல்லாதது அதுதான்.

எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒருமுறை நானே ஓர் அழைப்பிதழ் தயாரித்தேன். வரவேற்புரை ஒருவர், தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வாழ்த்துரை நால்வர், சிறப்புரை, நன்றியுரை என்று 11 பெயர்கள். பெயர் விடுபட்டால் மனத்தாங்கல் வரும் என்று அஞ்சி அஞ்சிச் சேர்த்தது. எந்த நூலைப் பற்றிய கூட்டமோ அந்த நூலின் பெயர் அச்சகத்துக்காரர் கண்ணில் பட்ட ஒரு சந்தில் போய் ஒடுங்கிக்கொண்டது. வாழ்த்துரைகள் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சிறப்புரைக்கு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் பேசிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். அவர் பேசிய நூலின் ஒரே படி அலமாரியில் இருந்தது. அதை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. நன்றியுரை மட்டும் நன்றாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் கிளை நூலகத்தின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். கட்டடம் திறந்த நாள், நூல்களின் எண்ணிக்கை, புரவலர் பட்டியல் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றை வேறு பக்கங்களில் காணலாம். என் கண் போனது வாசலில் தொங்கும் கரும்பலகையின் பக்கம். ஒரு கிளை நூலகத்தின் பலகை விசித்திரமான ஏடு. மேலே ‘அமைதி காக்கவும்’ என்று வண்ணத்தில் எழுதியிருக்கும். கீழே சுண்ணக்கட்டியில், சனிக்கிழமை மாலை கவியரங்கம் என்றிருக்கும். அதற்குப் பக்கத்தில் தேர்வாணையத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, மின்தடை நாள், கண் சிகிச்சை முகாம், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம். இருபது ஆண்டு நாளிதழ்ப் பிரிவில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் மறைந்த செய்தியையும் ஒருநாள் அங்கேதான் படித்தேன். நூலகர் அதைக் கவியரங்க அறிவிப்புக்கு மேலே எழுதியிருந்தார், தேதியும் நேரமும் போலவே, எந்த அடைமொழியும் இல்லாமல்.

இவையெல்லாம் நூலகத்தின் வேலைதானா, நூல் கொடுத்து நூல் வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல நான் எஸ்.ஆர். ரங்கநாதனைத்தான் அழைப்பேன். சீர்காழியில் பள்ளிப்படிப்பு படித்தவர். புகாருக்குப் பக்கத்து ஊர்தான். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆள் வராத அறையில் காவல் இருப்பது போன்ற அந்த வேலை ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது நிலைமை மாறிற்று. அங்கே அவர் கண்ட பொது நூலகங்கள் பிள்ளைகளுக்கும் தொழிலாளிக்கும் இல்லத்தரசிக்கும் கதவைத் திறந்துவைத்திருந்தன. திரும்பி வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார்.

அந்த ஐந்தில் பலரும் எடுத்துச் சொல்வது இரண்டாவது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். எனக்கு மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டாவது விதியில் வாசகர் தேடி வருகிறார், நூலகர் எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாவதில் தேடுவது நூல். அலமாரியில் இருக்கும் நூலுக்குக் காலில்லை. அதற்காக யாராவது வெளியே போய்க் கூவ வேண்டும். கூட்டம், கண்காட்சி, கதை நேரம், நூல் அறிமுகம் எல்லாம் அந்தக் கூவலின் வகைகள். அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மேலவாசலில் தொடங்கிய அந்த வண்டியை நடமாடும் நூலகம் என்கிறோம். எனக்கு அது யானைப் பிடரியை விட்டு மாட்டு வண்டிக்கு இறங்கிய முரசாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அணாவில் பாதி, நூலக வரி என்று வைத்தார்கள். இன்று அது ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். நூலகம் பக்கமே எட்டிப் பார்க்காதவரும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகிறவர் பெயரைச் சுவரில் எழுதுகிறோம். ஆண்டு தவறாமல் வரி கட்டுகிறவருக்குச் சுவரில் இடமில்லை. அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நன்றியும் சால்வையும் அல்ல, சனிக்கிழமை என்ன நடக்கிறது என்ற தகவல்.

தமிழர்கள் கூடிப் படித்தவர்கள். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது நமக்கு நெடுங்காலப் பழக்கம். திண்ணையில் பாரதம் படித்தார்கள். நூல் அரங்கேறியதும் அவையில்தான். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற்பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாக அதன் பாயிரமே சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் திராவிட இயக்கத்தார் ஊர் ஊராகத் திறந்த படிப்பகங்களிலும் நாளிதழை ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு தேநீரும் வாதமும் நடக்கும். ஈழத்தில் வாசிகசாலை என்றும் சன சமூக நிலையம் என்றும் பெயர். நாளிதழ் மேசையும் விளையாட்டுக் குழுவும் ஊர்க் கூட்டமும் ஒரே கூரையின் கீழ். யாழ்ப்பாணப் பொது நூலகம் வளர்ந்த வரிசையும் கவனிக்கத்தக்கது. க.மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கியது, அடுத்த ஆண்டு ஒரு வாடகை அறை, ரங்கநாதனின் ஆலோசனை பெற்று எழுந்த கட்டடம் 1959இல் திறப்பு, 1967இல் சிறுவர் பகுதி, 1971இல் கேட்போர் கூடம். நூல் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பிறகு அவை கூடிற்று. 1981இல் எரித்தார்கள், 97,000 நூல்கள் போயின என்கிறது கணக்கு. கூடியிருந்து கேட்ட பேச்சுகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு எல்.எல்.ஏ. பில்டிங் என்றால் தெரியும். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் பெயர் தாங்கிய மாவட்ட மைய நூலகம் அது; தல நூலக ஆணைக்குழுவின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராகி நிலைத்துவிட்டன. அதன் சின்ன அரங்கில் வெளியீடு காணாத தமிழ் எழுத்தாளர் குறைவு. மாடியில் காரசாரமான விமர்சனம் நடக்கும், கீழே இரவல் பிரிவில் ஒருவர் அமைதியாக நூலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒன்றுக்கு மற்றொன்று இடைஞ்சல் என்று யாரும் புகார் சொன்னதாக நான் கேட்டதில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ‘பொன்மாலைப் பொழுது’ என்ற பெயரில் சொற்பொழிவு வரிசை நடத்தியது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. பெரிய நூலகங்களுக்கு அரங்கமும் ஆளும் இருக்கின்றன. கிளை நூலகத்துக்கோ இருப்பது ஒரு நூலகர். காலையில் பூட்டைத் திறப்பவர் அவரே, இரவல் பதிபவர் அவரே, கூட்டத்துக்குப் பக்கத்துக் கடையில் நாற்காலி இரவல் கேட்பவரும் அவரே. ஆகஸ்ட் 12 ரங்கநாதன் நினைவாக நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்று ஆண்டுக்கு மூன்று முறை அவருடைய தூக்கம் கெடுகிறது.

அந்த நாட்களில் கூட்டம் எத்தனை பேர் என்று மேலிடம் கேட்கும். படம் எடுத்து அனுப்பச் சொல்லும். தலைகளை எண்ணுவது எளிது. நான் எண்ணிப் பார்க்க விரும்புவது மறுநாளின் இரவல் பதிவேட்டை. புதுமைப்பித்தனைப் பற்றி முந்தின மாலை அரை மணி நேரம் ஒருவர் நன்றாகப் பேசினார் என்றால், மறுநாள் புதுமைப்பித்தன் அலமாரியில் இருக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் பட்டிமன்றம் ஒன்றுக்குப் பின் நான்கு பேர் வந்து அகராதி கேட்டார்கள் என்று எங்கள் நூலகர் ஒருநாள் சொன்னார். மேடையில் ஒரு சொல்லுக்குப் பொருள் குறித்துச் சண்டை வந்திருந்ததாம். அந்த ஆண்டின் மிகச் சிறந்த நிகழ்ச்சி அதுதான் என்று நான் நினைக்கிறேன். அழைப்பிதழில் அதற்கு வாழ்த்துரைகூட இல்லை.

கரும்பலகைக்கு ஒரு குறை உண்டு. அது நாளையை எழுத நேற்றை அழிக்கிறது. மலருக்காகப் பழைய நிகழ்ச்சிகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது நூல் இருப்புப் பதிவேடு கிடைத்தது, சந்தாப் பதிவேடு கிடைத்தது, உடைந்த நாற்காலிகளின் பட்டியல்கூடத் தேதியோடு கிடைத்தது. யார் எப்போது எந்த நூலைப் பற்றிப் பேசினார் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. பழைய வாசகர் ஒருவர் வீட்டுப் பரணில் அழைப்பிதழ்க் கட்டு ஒன்று இருந்தது. பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்ததால் அவை பிழைத்திருந்தன. மணிமேகலையை எழுதியவர் முரசறைந்தவனின் சொற்களைக் காப்பியத்தில் வைத்ததால்தான் புகாரின் பந்தலும் புது மணலும் நமக்கு மிஞ்சின. கடல் கொண்ட ஊரின் நிகழ்ச்சி நிரல் நம் கையில் இருக்கிறது. போன பங்குனியில் நம் நூலகத்தில் நடந்தது என்ன என்று கேட்டால் விழிக்கிறோம்.

ஆகவே இரண்டு காரியம் செய்தோம். வாசகர் வட்டத்துக்கு ஒரு நீண்ட கணக்கு நோட்டு வாங்கி, பலகையில் எழுதுவதையெல்லாம் அழிப்பதற்கு முன் அதில் பார்த்து எழுதும் பொறுப்பை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தோம். மாதச் சம்பளம், வாரத்துக்கு ஒரு நூல் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்பது. மற்றது, அழைப்பிதழை நிறுத்திவிட்டுப் பலகையோடு நின்றுகொள்வது. அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை நூலகர் என்னையே எழுதச் சொன்னார். விழாவறை காதையை இன்னொரு முறை படித்துவிட்டுப் போய் எழுதினேன்:

‘சனிக்கிழமை மாலை 5 மணி. மணிமேகலை, முதல் காதை. உரைநூல் மூன்று படிகள் மேசைமேல் இருக்கின்றன, இன்றே எடுத்துப் படிக்கலாம். உரக்கப் படிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் வரவும். வீட்டில் பழைய அழைப்பிதழ் இருந்தால் எடுத்து வரவும், மளிகைக் கணக்கு எழுதியிருந்தாலும் பரவாயில்லை. பாய் விரிக்க இருவர் 4.30 மணிக்கே தேவை.’

மறுநாள் போய்ப் பார்த்தபோது கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் மூன்று பெயர்கள் இருந்தன. பலகையில் பென்சில் சரியாகத் தெரிவதில்லை. குனிந்துதான் படிக்க வேண்டியிருந்தது.