நவுருத் தீவின் செல்வமும் நிலமும்

ஒரு நாட்டின் செல்வம் அதன் நிலத்தையே விற்றுப் பெறப்படுமாயின், அஃது எத்துணைக் காலம் நிலைக்கும்? பசிபிக் சமுத்திரத்திலுள்ள நவுருத் தீவின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது. ஏறக்குறைய 21 சதுரக் கிலோமீற்றர் பரப்பே கொண்ட இத்தீவிற் பசளைக்குரிய பொசுபேற்று 1907 முதல் அகழப்பட்டது. முதலாம் உலக மகாயுத்தத்தின்பின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் அவ்வுரிமையைத் தமதாக்கி, உலகச் சந்தை விலையினுங் குறைந்த விலைக்கு அதனைத் தம் உழவர்க்கு வழங்கின. பிறநாட்டு வயல்கள் செழித்தன. தீவினர்க்குக் கிடைத்ததோ சிறு பங்கே.

1968இல் விடுதலை பெற்ற நவுரு, 1970இல் அகழ்வுத் தொழிலையுந் தனதாக்கிற்று. சில ஆண்டுகள் தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. ஆயினும் அகழ்வு ஓயவில்லை. சேமித்த நிதியும் தவறான முதலீடுகளாற் கரைந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்களவு, சுண்ணக்கற் கூம்புகள் துருத்தி நிற்கும் பாழ்நிலமாயிற்று. மக்கள் கரையோரத்தே ஒடுங்கினர். சர்வதேச நீதிமன்றத்தில் 1989இல் நவுரு தொடுத்த வழக்கு, 1993இல் அவுஸ்திரேலியா இழப்பீடு தர இணங்கியதோடு முடிவுற்றது. பணம் வந்தது, இழந்த மண் மீளவில்லை. ஆதலின் நாட்டின் செல்வத்தை அளப்போர், வருவாயோடு அது யாரைச் சென்றடைந்தது என்பதையும், எஞ்சிய நிலம் எத்துணை என்பதையும் ஒருங்கே கணக்கிடல் வேண்டும்.