ஆலயமும் ஆடையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது உலக வழக்கு. ஊரார் முன் அது செல்லும். ஆண்டவன் சந்நிதியில் ஆடைக்கு உள்ள இடம் யாது? நம் சங்கத்து வாலிபர் தல யாத்திரைக்குப் புறப்படும் போதெல்லாம் இவ்வினா எழுகின்றது. “காற்சட்டையோடு கோயிலுக்கு வருவதா?” என்று பெரியோர் கடிந்துகொள்கின்றனர். “கடவுள் உள்ளத்தைப் பார்ப்பாரா, உடுப்பைப் பார்ப்பாரா?” என்று இளைஞர் மறுமொழி கூறுகின்றனர். இரு திறத்தார் சொல்லிலும் உண்மை உண்டு. ஆயினும் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இவ்வழக்கு எளிதில் தீரும் என்பது எமது எண்ணம்.

நம் நாட்டிலேயே தொடங்குவோம். சோழர் ஆட்சிக் காலத்தில் பொலநறுவை ஜனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றது. முதலாம் இராசராசனின் தேவியார் பெயரால் அங்கே 11 ஆம் நூற்றாண்டில் எழுந்த கற்கோயில் வானவன்மாதேவி ஈச்சரம். அந்நகரத்துச் சிவாலயங்களின் இடிபாடுகளிடையே 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களைக் கொழும்பு நூதனசாலையிற் காணலாம். அவற்றுட் சமயகுரவர் வடிவங்களும் உள. சுந்தரமூர்த்தி நாயனார் அணிகலன்களோடு எழில் பொலிய நிற்கின்றார். மாணிக்கவாசகரோ அரையில் எளிய ஆடையோடு ஏடு தாங்கி நிற்கின்றார்.

இவ்விரு வடிவங்களும் நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகின்றன. இறைவனை அடைய ஒரே கோலம் விதிக்கப்படவில்லை என்பது ஒன்று. அழகும் எளிமையும் ஒருங்கே இடம்பெற்றன. மேற்சட்டையின்றி நிற்பது அக்காலத்திற் கோயிலுக்கெனத் தனியே வகுத்த விதியன்று, வீட்டிலும் வீதியிலும் வழங்கிய இயல்பான உடையே அது என்பது மற்றொன்று. சட்டை தமிழருக்கு முற்றிலும் புதிதன்று. எனினும் எல்லாரும் நாள்தோறும் அணியும் உடுப்பாக அது பரவியது ஐரோப்பியர் வந்த பின்னரே. அன்றாட வாழ்க்கை மாறிய பின்பும் கோயில் பழைய உடையைக் காத்து நின்றது.

சைவ ஆசாரங்களை வினாவும் விடையுமாக எழுதி வைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879). கோயிலுக்குச் செல்வோர் நீராடித் தோய்த்துலர்ந்த வஸ்திரம் தரித்துத் திருநீறு அணிந்து செல்ல வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. சட்டை இடுதல், போர்த்துக்கொள்ளுதல், தலையில் வஸ்திரங் கட்டுதல், தோளில் உத்தரீயம் இடுதல், பாதரட்சை அணிதல் ஆகியவற்றைச் சந்நிதியிற் செய்யலாகாத குற்றங்களாக அவர் எண்ணினார். நல்லூரில் இன்றும் ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்கின்றனர்.

இதற்குக் காரணம் யாது? வெற்று மார்பின் வழியே மின்காந்த சக்தி உட்புகும் எனச் சிலர் விஞ்ஞானம் பேசுவர். அதற்குச் சான்று இல்லை; சைவத்துக்கு அவ்விளக்கம் தேவையும் இல்லை. நம் முன்னோர் வாழ்க்கையிலேயே காரணம் தெளிவாக உள்ளது. தோளிற் கிடக்கும் சால்வை பெருமையின் அடையாளம். தம்மினும் உயர்ந்தாரைக் கண்டால் அதனைத் தோளிலிருந்து எடுத்து அரையிற் கட்டிக்கொள்வது பணிவின் அடையாளம். ஆண்டவனுக்கு மேற்பட்டார் எவருமிலர். ஆதலின் அரசனும் அவன் ஏவலாளனும் சந்நிதியிற் சால்வையை அரையிற் கட்டியே நிற்க வேண்டும். செல்வனுக்கும் வறியவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோயில் வாயிலிற் கழற்றி வைக்கச் செய்த நல்விதி இது.

இனி, கசப்பான மறுபக்கத்தையும் கூறாது விடல் நேர்மையாகாது. ஆண்டவனுக்குச் செய்யும் அப்பணிவை மனிதர் தமக்கும் செய்யும்படி கேட்டனர். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட மக்களிற் பெண்கள் மேலாடை அணியவும் ஆண்கள் தோளிற் சால்வை இடவும் தடுக்கப்பட்ட காலம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859 ஆம் ஆண்டில் அரசு அவ்வுரிமையை வழங்கியபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற தடையையும் உடன் வைத்தது. அந்நாட்டு அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12 ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றது 1939 இல். நம் நாட்டிலே சாதி காரணமாக மக்களை விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. அவர்கள் நீராடியும் வந்தனர். வேட்டியும் உடுத்தே வந்தனர். கதவு திறக்கவில்லை.

இவ்வரலாறு முடிந்த கதையன்று. 2024 டிசம்பரில், நாராயண குரு நிறுவிய சிவகிரி மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமிகள், ஆடவரைச் சட்டை களையச் செய்யும் வழக்கத்தைக் கோயில்கள் கைவிட வேண்டும் என்றார். மார்பிற் பூணூல் உண்டா என்று பார்ப்பதற்காகவே அவ்வழக்கம் எழுந்தது என்பது அவர் கூறிய காரணம். கேரளத்தில் அது பெரும் விவாதமாயிற்று. ஒரே செயலை ஒருவர் பணிவு என்கின்றார். மற்றொருவர் சோதனை என்கின்றார். எது உண்மை என்பதை அவ்விதி யாருக்காக வைக்கப்பட்டது என்பதே காட்டும். எல்லாரும் ஒருபடித்தாகத் தாழ்ந்து நிற்க வைத்த விதி வணக்கம். சிலரைப் பிரித்து நிறுத்த வைத்த விதி வேலி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா நாளில் நாம் கண்டதை இங்கே கூறுகின்றோம். ஊரும் பெயரும் வேண்டா. வயலிலிருந்து நேரே வந்த முதியவர் ஒருவர் சேறு படிந்த வேட்டியோடு வாயிலில் நின்றார். நம்மைப் போன்ற இளந்தொண்டர் ஒருவர், “ஐயா, இந்த உடுப்போடு உள்ளே போகேலாது” என்றார். முதியவர் ஒன்றும் பேசாது, நின்ற இடத்திலேயே தலைமேற் கை குவித்துக் கும்பிட்டுத் திரும்பினார். சிறிது நேரத்தில் அதே வாயிலால் ஒரு கனவான் சரிகைச் சால்வையைத் தோளிற் போட்டபடி உள்ளே சென்றார். அவரை மறிப்பார் இல்லை. நாமும் பார்த்துக்கொண்டே நின்றோம். அன்று ஆசாரத்தை மீறியவர் யார் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வெட்கமாயிருக்கின்றது.

ஆதலின் வாலிபர்க்கு ஒரு வார்த்தை: ஆடை உள்ளத்தைப் பிறப்பியாவிடினும் உள்ளத்தை ஒழுங்கு செய்யும். துவைத்த வேட்டியோ, சேலையோ, பாவாடை தாவணியோ, உடலை மறைக்கும் எளிய உடுப்பு எதுவாயினும் ஆகுக. கோயிலுக்குக் கோயில் வழக்கம் வேறாதலின், செல்லுமுன் கேட்டறிந்து செல்லுங்கள். பூசை நின்றுபோன பழங்கோயில் என்று அசட்டை செய்யவும் வேண்டா. வானவன்மாதேவி ஈச்சரத்தின் உள்ளே இன்றும் சிவலிங்கம் உண்டு. அங்கும் பாதரட்சையைக் கழற்றுங்கள். படம் பிடிப்பதற்காகக் கற்களின் மேல் ஏறாதீர்கள்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: விதியை முதலிற் செல்வர்க்கு எடுத்துச் சொல்லுங்கள், பிறகு வறியவர்க்குச் சொல்லலாம். பிழையாக உடுத்து வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அப்பிள்ளை கோயிலுக்கு மீண்டும் வருவது அரிது.

நம் சங்கம் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. ஊர்க் கோயில் வாயிலில் ஒரு சிறு அலுமாரியில் துவைத்து மடித்த வேட்டிகளும் சால்வைகளும் வைப்போம். உடை குறைந்து வருவார்க்கு, முகம் கோணாது, “இதை உடுத்திக்கொண்டு வாருங்கள் ஐயா” என்று எடுத்துக் கொடுப்போம். துவைக்கும் முறையை நாமே வாரந்தோறும் பகிர்ந்துகொள்வோம். வாசலில் நின்று கும்பிட்டுத் திரும்பிய அம்முதியவர்க்கு நாம் பட்ட கடன் அவ்வாறேனும் சிறிது தீர்வதாக.