அணைத்துப் போடுவதற்கு முன்னால்

கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. திரை அசையாமல் நின்றுவிட்டால் ஒரு தரம் அணைத்துப் போடவேண்டியது. நம்மவர்கள் "ஹேங் ஆகிவிட்டது" என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் "உறைந்துவிட்டது" என்றும் சொல்வார்கள். தொங்கினாலும் உறைந்தாலும் மருந்து ஒன்றுதான். சுக்குக் கஷாயத்தைப் போல எந்த நோய்க்கும் கொடுக்கலாம். பெரும்பாலும் குணமும் தெரியும்.

ஏன் குணம் தெரிகிறது? யந்திரம் அப்போதைய வேலைக்காகத் தன் நினைவில் வைத்திருப்பதெல்லாம் மின்சாரம் நின்றதும் அழிந்து போகிறது. சிக்கிக்கொண்ட கணக்கும், எதற்கோ காத்துக் கிடந்த காரியமும் அதோடு ஒழிகின்றன. யந்திரம் புதிதாகப் பிறந்தாற்போல் எழுந்து வருகிறது. ஆனால், நோய் எதனால் வந்தது என்பதற்கான தடயமும் பல சமயம் அதோடு போய்விடுகிறது. இந்த வைத்தியத்தில் எனக்குள்ள மனக்குறை அதுதான். கம்ப்யூட்டரின் சரித்திரத்தைப் படிக்கும்போது, தடயத்தை விடாமல் துரத்திப் போனவர்களின் கதைகளே என்னை அதிகம் கவர்ந்தன.

ஆதி காலத்தில் இந்த வைத்தியமே ஒரு நோயாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கட்டிய 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரை 1946-ஆம் ஆண்டில் உலகத்துக்குக் காட்டினார்கள். எடை ஏறக்குறைய 30 டன். உள்ளே சுமார் 18,000 வால்வுகள்; பழைய ரேடியோப் பெட்டிகளில் இருந்த அதே ஜாதிதான். வால்வுகள் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் அதிகமாகப் பழுதாகும். ஆகவே, எனியாக்கைக் கூடியவரையில் அணைக்காமல் வைத்திருப்பதே உத்தமம் என்று கண்டுகொண்டார்கள்.

அப்படியும் வால்வுகள் போகத்தான் செய்தன. பதினெட்டாயிரத்தில் எது போயிற்று என்று எப்படித் தேடுவது? எனியாக்குக்குக் கணக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு இளம் பெண்கள். அவர்களில் கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் ஆகியோரின் பெயர்கள் இன்று ஓரளவு தெரியவந்திருக்கின்றன. யந்திரத்தின் வரைபடங்களை வைத்துக்கொண்டு அதன் உள்விவகாரத்தை முழுவதும் கற்றவர்கள் அவர்கள். கணக்கை ஒவ்வொரு படியாக ஓட்டி, எந்தப் படியில் பிசகுகிறது என்று பார்த்து, கடைசியில் பழுதான அந்த ஒரு வால்வு வரைக்கும் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதல்ல அவர்கள் வழி. நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கி, கெட்டதைத் தனிமைப்படுத்துவது.

வால்வு போய்ச் சிலிக்கன் சில்லு வந்தபோது நோயும் நுட்பமாகிவிட்டது. நினைவுச் சில்லுகளில் பதிந்த எண் எப்போதோ ஒரு தடவை தானாகவே மாறிவிடும். சோதித்துப் பார்த்தால் சில்லில் ஒரு குறையும் இராது. 1978-ல் இண்டெல் கம்பெனியைச் சேர்ந்த திமோதி மே, மர்ரே உட்ஸ் என்ற இருவர் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் மிகச் சொற்பமாக யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பிய ஆல்பா துகள்தான் எண்ணை மாற்றிய திருடன். அணைத்துப் போட்டவர்களுக்கு இந்தத் திருடன் ஒருநாளும் அகப்பட்டிருக்க மாட்டான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி 'பாத்ஃபைண்டர்' என்ற அமெரிக்க விண்கலம் அங்கே இறங்கியது. அதற்குத் திட்டமிட்ட ஆயுள் ஒரு மாதந்தான். சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று தன்னை மறுபடி துவக்கிக்கொள்ள ஆரம்பித்தது. அவ்வளவு தூரம் போய்ப் பொத்தானை அழுத்த ஆள் ஏது? முக்கியமான வேலை உரிய நேரத்தில் முடியாவிட்டால் யந்திரமே அணைத்துப் போட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அன்றைய மீதி வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று.

என்ன நடந்தது என்பதை நம் வீட்டு உதாரணத்தால் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஒரு கிணறு, ஒரே ஒரு தாம்புக் கயிறு. வேலைக்காரப் பையன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான். வீட்டுப் பெரியவர் ஸ்நானத்துக்காகக் கயிறுக்குக் காத்து நிற்கிறார். அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை, "டேய், இங்கே வா!" என்று பையனைக் கூப்பிட்டு வேறு வேலை ஏவுகிறார். பையன் கயிறைக் கையில் பிடித்தபடியே ஓடுகிறான். பெரியவரோ நின்றுகொண்டே இருக்கிறார். மாப்பிள்ளை பெரியவரை மதிக்காதவர் அல்ல. பெரியவர் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. விண்கலத்தில் பையன் வானிலைக் கருவியின் வேலை. மாப்பிள்ளை செய்தித் தொடர்பு. பெரியவர் தகவல் பாதையை நிர்வகிக்கும் வேலை.

தானே எழுந்துகொள்கிறதே, போகட்டும் என்று பாசடீனா நகரத்து ஆய்வுக்கூட இஞ்சினீயர்கள் விட்டுவிடவில்லை. பூமியிலிருந்த மாதிரி யந்திரத்தை மணிக்கணக்காக ஓட்டி, நடப்பதையெல்லாம் பதிவு செய்து, அதே நோயை அங்கேயும் வரவழைத்தார்கள். மருந்து எளிது: கயிறு கையில் இருக்கிற வரையில் பையனுக்குப் பெரியவரின் அந்தஸ்தைக் கொடுத்துவிட வேண்டும், அப்போது மாப்பிள்ளை கூப்பிட முடியாது. இந்த முறையை 1990-ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்து எழுதிய மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரகுநாதன் ராஜ்குமார். திருத்தத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள், நோய் தீர்ந்தது. ஒரு மாத ஆயுள் குறித்த கலம், செப்டம்பர் கடைசி வரையில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யந்திரம் நின்றதும், அணைப்பதற்கு முன்னால், மணி என்ன, எந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது, அம்புக்குறி நகர்கிறதா என்று மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் சேர்ந்தபோது, எல்லாம் சித்திரை, வைகாசி மாதத்துப் பிற்பகல்களாகவே இருந்தன. அதைப் பார்த்ததும் பழுது பார்க்கும் பையன் வேறெதையும் தொடாமல், விசிறியைக் கழற்றி, அடைந்திருந்த தூசியை ஊதித் தள்ளினான். உஷ்ணந்தான் காரணம். குறிப்பு எப்போதும் ஒரே வேலையைக் காட்டினால், சந்தேகம் அந்த வேலையை நடத்தும் மென்பொருள் மீது. ஒழுங்கே இல்லாமல் நின்றால், நினைவுப் பலகையையோ மின்சாரம் வழங்கும் பெட்டியையோ பார்க்கச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. நோயைத் தேடுவதற்கு முன்னால், எழுதி வைத்திருப்பதையெல்லாம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். பழுதான வால்வுக்கு மாற்று வால்வு கிடைக்கும்; பாதி எழுதின அத்தியாயம் போனால் போனதுதான்.