கார்டியல்: மருந்துப் புட்டியிலிருந்து வந்த நட்பு

இணக்கமான பேச்சை ஆங்கிலத்தில் 'கார்டியல்' என்பார்கள். இதயத்தைக் குறிக்கும் லத்தீன் 'கோர்' அதன் வேர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் 'கேன்டர்பரி கதைகள்' எழுதியபோது, அது இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தின் பெயர். அவர் படைத்த மருத்துவர் பொன்னை விரும்புவதற்கு, பொன்னும் அத்தகைய மருந்து என்பதே கேலியாகச் சொல்லப்படும் காரணம். மூலிகை ஊறிய மதுவுக்கும் அதே பெயர் வழங்கியது. உடம்பும் மனமும் ஒரே இதயத்தில் குடியிருப்பதாக நம்பிய காலத்தில், மருந்துக்கும் நட்புக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

இன்று அது வெறும் அரசாங்க மரியாதைச் சொல்தானே என்று கேட்கலாம். 1904 ஏப்ரல் 8 அன்று பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு பிரெஞ்சில் 'ஆந்தாந்த் கோர்தியால்', அதாவது 'கார்டியலான இணக்கம்', எனப்பட்டது. எகிப்தில் பிரிட்டனுக்கும் மொராக்கோவில் பிரான்சுக்கும் வழிவிடும் பேரம் அது. ஆனால் பேரத்துக்கு நட்பு முலாம் பூச இந்தச் சொல் உதவியதே, அதன் பழைய வெதுவெதுப்பு முற்றிலும் ஆறிவிடவில்லை என்பதற்குச் சான்று.