நரியும் பரியும்: ஆயில் டின்னில் ‘சிந்தெடிக்’ என்ற சொல் வந்த கதை

ஆவுடையார்கோவிலில் இருக்கும் என் சித்தப்பா மகன் இரண்டு டீசல் பிக்கப் வைத்திருக்கிறான். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றி, அறந்தாங்கி, புதுக்கோட்டைப் பக்கம் ஓட்டுவதுதான் தொழில். ஒன்று 2018-இல் வாங்கியது, தவணை முடிந்துவிட்டது. இன்னொன்று 2021-இல் வாங்கியது, தவணை இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது கேட்டான்: “அண்ணே, புதுசுக்கு சிந்தெடிக் ஊத்துன்னு கடைல சொல்றாக. வெல ரெண்டு மடங்கு. பழசுக்கு வாங்குன சாதா ஆயில் அரை டின் மிச்சம் இருக்கு. அதையே இதுக்கும் ஊத்துனா என்ன?”

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோது, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருப்பது தெரிந்தது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

தமிழில் இதற்குப் பழைய சொல் மசகு. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மைதான் மசகு. வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் நடுவில் தடவுவார்கள். (இலங்கைத் தமிழில் கச்சா எண்ணெயையே ‘மசகு எண்ணெய்’ என்கிறார்கள்.) அச்சில் தேய்மானம் குறைய வேண்டும், சூடு ஏறக்கூடாது. வேலை இவ்வளவுதான். இஞ்சின் ஆயிலுக்கும் அடிப்படையில் அதே வேலைதான், கூடவே கரியையும் அழுக்கையும் சுமந்து வர வேண்டும்.

விளக்கெண்ணெய் வண்டியோடு நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்களுக்கும் ஆமணக்கு எண்ணெய் மசகாகப் போனது. லண்டனில் 1899-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய கம்பெனி, 1909-இல் மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் என்று ஓர் எண்ணெயைக் கொண்டுவந்தது. அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்ததால், அதன் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர் ஆயில்’ என்பதிலிருந்து ‘காஸ்ட்ரால்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில், இஞ்சினே சுழலும் ரோட்டரி வகை விமானங்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. இஞ்சின் கக்கிய எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பார்கள். நம் வீட்டுப் பேதி மருந்து ஆகாயத்திலும் வேலையைக் காட்டியிருக்கிறது.

ஆனால் தாவர எண்ணெய்க்கு ஒரு குறை உண்டு. சூட்டில் காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகிவிடும். வண்டி மையும் அப்படித்தான், நாளானால் கட்டிப்போகும், சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதனால் மலிவாகவும் நிறையவும் கிடைத்த பெட்ரோலிய எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு 1911-இலேயே எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு அளவுகோல் வகுக்கத் தொடங்கியது. நம் பக்கம், 1965-இல் பதிவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-இல் மணலியில் ஓடத் தொடங்கியது. மசகுக்கான அடிப்படை எண்ணெயும் அங்கே தயாரானது. இந்தியன் ஆயிலின் ‘சர்வோ’ 1972-இல் வந்தது.

ஃபில்டரின் கதை தனி. ஆரம்ப கால கார்களில் ஆயிலுக்கு ஒரு கம்பி வலை இருந்தால் அதிகம். 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் ‘ப்யூரோலேட்டர்’ என்ற ஃபில்டரைக் கொண்டுவந்தார். ஆயில் சுத்தமாக இருந்தால் இஞ்சின் நாள்பட உழைக்கும், ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பது அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

இனி சிந்தெடிக். பூமியிலிருந்து எடுத்த எண்ணெயைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, சிறிய மூலக்கூறுகளைக் கோத்து வேண்டிய எண்ணெயைக் கட்டுவது என்பதே அந்தச் சொல்லின் முதல் பொருள். 1930-களின் கடைசியிலும் போர்க்காலத்திலும் ஜெர்மனியில் ஹெர்மன் சோர்ன் ஆயிரக்கணக்கில் எஸ்டர்களைச் சோதித்தார். போருக்குப் பிறகு ஜெட் இஞ்சின்களுக்கு வந்த சிந்தெடிக் எண்ணெய்களில் முக்கியமான ஒரு வகைக்கு மூலப்பொருள் செபாசிக் அமிலம். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! வாசல் வழியாகப் போனது கொல்லை வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 1970-களில் இந்தத் தொழில்நுட்பம் சாதாரண கார்களுக்கும் வந்தது. மொபில் 1 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1974-இல்.

1990-களில் பெட்ரோலிய எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் வினைப்படுத்தி, மூலக்கூறுகளை மாற்றியமைக்கும் முறை வளர்ந்தது. அப்படி வருவதை ‘குரூப் மூன்று’ என்பார்கள். காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில் இதைப் பயன்படுத்திக்கொண்டே டின்னில் ‘சிந்தெடிக்’ என்று போட்டது. கோத்துக் கட்டிய எண்ணெயை (குரூப் நான்கு) விற்ற மொபில் புகார் கொடுத்தது. அமெரிக்க விளம்பரத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதன் பிறகு ‘சிந்தெடிக்’ என்பது பெரும்பாலும் விற்பனைச் சொல் ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. பாண்டியனின் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார். அந்தத் திருப்பெருந்துறைதான் இந்த ஆவுடையார்கோவில். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரவில் அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டன.

அப்படியானால் குரூப் மூன்று ஆயில் நரியா? அப்படிச் சொல்வதும் தப்பு. அது சாதா ஆயிலைவிடச் சூட்டில் கெடாமல் அதிக நாள் நிற்கும், நல்ல எண்ணெய்தான். சங்கடம் என்னவென்றால், டின்னின் முன்பக்கச் சொல்லை வைத்து நரியா பரியா என்று நம்மால் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது பின்பக்கத்தை.

பின்பக்கத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்ற எண். முதல் எண் குளிருக்கானது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிப்பார்கள். ஆவுடையார்கோவிலில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிருக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. அதை வண்டியோடு கொடுத்த புத்தகம் சொல்கிறபடிதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று ஏ.பி.ஐ. குறி. இதில்தான் தம்பியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டியும் ஏறியது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் இஞ்சின் ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பலை எரிக்க முடியாது, உள்ளேயே அடையும். அதனால்தான் 2006-இல் வந்த சி.ஜே.-4, 2016-இல் வந்த சி.கே.-4 தரங்களில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். 2002-இன் சி.ஐ.-4 தரத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

தம்பி மிச்சம் வைத்திருந்தது சி.ஐ.-4. பழைய பி.எஸ்.-4 வண்டிக்கு அது சரி. டி.பி.எஃப். இருக்கும் புது வண்டிக்குக் கூடாது. ஒரு தடவை ஊற்றினால் மறுநாளே வண்டி நின்றுவிடாது, அதுதான் ஆபத்தே. சாம்பல் மெல்ல மெல்ல அடைந்து, தவணை முடிகிற நேரத்தில் செலவு வைக்கும்.

ஃபில்டர் விஷயத்தில் அவனிடம் சொன்னது இதுதான். ஆயில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதில் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே இஞ்சினுக்கு விடும். இஞ்சின் வறண்டு போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விலை கூடிய ஆயிலை ஊற்றிவிட்டுப் பழைய ஃபில்டரை விட்டுவைத்தால் காசு வீண். செம்மண் புழுதி பறக்கும் நம் பாதையில் ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் சொன்ன கணக்குக்கு முன்பே கழற்றிப் பார்ப்பது நல்லது. புழுதி உள்ளே போனால் எந்த ஆயிலாலும் காப்பாற்ற முடியாது.

வண்டியின் கைப்பெட்டியில் பிரிக்காமலே கிடந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். டி.பி.எஃப். இருக்கிறது என்றும், அதற்கேற்ற சாம்பல் குறைந்த ஆயில் இன்ன தரம் என்றும் போட்டிருந்தது. ‘சிந்தெடிக்’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. தம்பி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். “கடைல இதக் காட்டிக் கேட்டா போதும்லண்ணே?” என்றான். போதும் என்றேன்.

வண்டி மைக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.