பெயர்வுத்திறனுக்கு வேகம்தான் விலையா? லீட்கே வாதம் பற்றி ஒரு மறுபார்வை

பல வன்பொருள்களில் ஓடும் இயங்குதளம் எதிலும் முழு வேகத்தில் ஓடாது என்ற கருத்து கணினித் துறையில் நெடுநாளாக நிலவுகிறது. அதை மிக வலுவாக முன்வைத்தவர் ஜெர்மானியரான யோகன் லீட்கே. அவர் முன்வைத்த சான்றுகள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயர்வுத்திறனுக்கு ஒரு விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. யுனிக்ஸ் 1973இல் அசெம்பிளியிலிருந்து சி மொழிக்கு மாறியபோது அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. யுனிக்ஸை உருவாக்கிய ரிச்சியும் தாம்சனும் அதைப் பொருட்படுத்தவில்லை. கிடைத்த வசதிகளுக்கு அந்தச் சுமை தகும் என்றே கருதினர்.

பல கணினிகளுக்குப் பொதுவாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கதை வேறு. கோப்பு முறைமை முதலியவற்றைக் கெர்னலுக்கு வெளியே தனி நிரல்களாக ஓடவிடும் மைக்ரோகெர்னல் அமைப்பில், ஒவ்வொரு வேலைக்கும் நிரல்களிடையே செய்தி போய்வர வேண்டும். 50 மெகாஹெர்ட்ஸ் 486 புராசசரில் ஒரு சிறு செய்தியை அனுப்ப மாக் 115 மைக்ரோவினாடி எடுத்தது; லீட்கேயின் எல்3 ஏறக்குறைய 5 மைக்ரோவினாடியில் முடித்தது. மாக் கெர்னலின் பருமன் கேஷ் நினைவகத்தை அடைத்துக்கொள்வதே முதன்மைக் காரணம் என்று அவர் நிறுவினார். இதுவரை அவரோடு முரண்பட இடமில்லை.

ஆனால் 1995இல் அவர் ஒரு படி மேலே போனார்: மைக்ரோகெர்னல் தன் இயல்பிலேயே பெயர்க்க முடியாதது, ஒவ்வொரு புராசசருக்கும் புதிதாக எழுதப்பட வேண்டும். 486இலிருந்து பென்டியத்துக்குப் போகும்போதே வடிவமைப்பு மாற வேண்டியிருப்பதைச் சான்றாகக் காட்டினார். ஒரே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைப் புராசசருக்கே இந்த நிலை என்றால், வாதம் அசைக்க முடியாததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இங்கே இரண்டு காரணிகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. மாக்கை மெதுவாக்கியது அதன் பருமன். பல கணினிகளுக்குப் பொதுவாக எழுதப்பட்டது அதற்குக் காரணம் அல்ல. எல்3ஐ அடுத்து லீட்கே அசெம்பிளியில் எழுதிய எல்4இன் வேகம் பெரும்பாலும் அதன் சிறுமையிலிருந்தும் செய்திப் பரிமாற்றத்தின் எளிமையிலிருந்தும் வந்தது. அசெம்பிளியின் பங்கு அதில் குறைவு. எல்4இன் மேல் லினக்ஸை ஓட்டிப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், உச்ச வேலைத்திறன் இயல்பான லினக்ஸைவிட 5 விழுக்காடே குறைந்தது. பின்னர் எல்4 வகைக் கெர்னல்களான டிரெஸ்டனின் ஃபியாஸ்கோவும் கார்ல்ஸ்ரூவின் பிஸ்டாச்சியோவும் சி++ மொழியிலேயே எழுதப்பட்டன.

புராசசரை ஒட்டிய பகுதி முற்றிலும் மறைந்துவிடவில்லை. பக்க அட்டவணை, குறுக்கீடு, சூழல்மாற்றம் ஆகியவை இன்றும் ஒவ்வொரு வன்பொருளுக்கும் தனித்தனியே எழுதப்படுகின்றன. அந்த எல்லையை எங்கே வரைவது என்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை. சிட்னியில் உருவாகி 2009இல் கணித முறையில் சரிபார்க்கப்பட்ட எஸ்இஎல்4, ஏறத்தாழ முழுவதும் சி மொழியில் எழுதப்பட்டது. எல்4 மரபில் வந்த அந்தக் கெர்னல் இன்று எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய மூன்றிலும் ஓடுகிறது.