தண்ணி இல்லாத ஊரின் கொசு

கொசு என்றதும் பட்டணத்து நண்பர்களுக்கு மழைத்தண்ணியும் சாக்கடையும்தான் ஞாபகம் வரும். கோடையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்தால் குழம்பிப்போவீர்கள். கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கம்மாய்க்குள் ஆடு மேயும். ஆனாலும் பட்டப்பகலில் கணுக்காலில் கொசு கடிக்கும். "சொட்டுத் தண்ணி இல்லாத ஊர்ல இது எங்கேருந்துய்யா வருது?" என்று கேட்பார்கள். தண்ணி இல்லாததால்தான் வருகிறது.

வறட்சி கொசுவை வளர்த்த கதை பழசு. 1934-ல் இலங்கையில் பருவமழை பொய்த்தது. வேகமாக ஓடிய ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடுகிற தண்ணியில் நிலைக்காத கொசுப்புழு அந்தக் குட்டைகளில் பெருகியது. 1935 முடிவதற்குள் மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள்.

அது குட்டையில் வளர்ந்த மலேரியாக் கொசு. எங்களைப் பகலில் கடிப்பது வேறு சாதி: ஏடிஸ் எஜிப்தி. காலில் வெள்ளை வளையம் இருக்கும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இதுதான். பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கே காட்டு மரப்பொந்தில் முட்டையிட்டு, மிருகங்களைக் கடித்துத் திரிந்தது. கோடை நீண்ட ஊர்களில் பொந்துகள் காய்ந்தபோது, மனுசன் பானையில் சேர்த்துவைத்த தண்ணிதான் மிஞ்சியது. பானை இருக்கிற இடத்தில் மனுசனும் இருப்பான் அல்லவா?

பொதுவாகக் கொசுவை இழுப்பது நம் மூச்சில் வரும் கரியமில வாயு, உடம்புச் சூடு, வியர்வை வாடை. கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டைக்கு ரத்தம் வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவில் கடுங்கோடை உள்ள ஊர்களின் ஏடிஸ் கொசு, மற்ற மிருகங்களைவிட மனுச வாடையையே தேடிப் போகிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வறட்சிதான் அதை நம் பக்கம் திருப்பியிருக்கிறது. பிறகு கப்பல்களின் தண்ணிப் பீப்பாயில் ஏறி உலகமெல்லாம் போய்விட்டது.

சிக்குன்குனியா முதலில் பதிவானது 1952-ல், இன்றைய தான்சானியாவின் மகொண்டே மேட்டுநிலத்தில். உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும் அந்த ஊர்ச் சொல்தான் நோயின் பேர். 2006-ல் தமிழ்நாட்டில் அது பரவியபோது, முட்டி வலியில் குனிந்து நடந்தவர்களுக்கு அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை.

முன்னெல்லாம் எங்கள் பக்கம் ஊருணியிலிருந்து குடத்தில் அன்றாடம் தண்ணி எடுப்பார்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவார்கள். அதில் கொசு முட்டை எங்கே தங்கும்? இப்போது வாசலுக்கே குழாய் வந்துவிட்டது, ஆனால் தண்ணி தினமும் வருவதில்லை. சில நேரம் வாரம், பத்து நாள் ஆகும். அதனால் சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். முட்டை கொசுவாவதற்கும் சுமார் ஏழிலிருந்து பத்து நாள்தான். தண்ணி முறையும் கொசு முறையும் ஒன்றாகிவிட்டது.

இந்தக் கொசு தண்ணிமட்டத்தை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது.

பத்து நாள் காத்திருந்து பிடித்த தண்ணியைக் "கொட்டுங்கம்மா" என்றால் எந்தப் பொம்பளைக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயம்தான். கொட்ட வேண்டாம், பழைய வேட்டியை நாலாக மடித்து, வாயை இறுக்கிக் கட்டினால் கொசு உள்ளே போகாது. தொட்டி காலியாகும்போது தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். லாரித் தண்ணியை டிரம்மில் பிடிக்கும் சென்னைக்காரர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆனால் இதெல்லாம் பொம்பளைகள் தலையில் விழும் இன்னொரு வேலை. குழாயில் தினமும் தண்ணி வந்தால், பத்து நாள் தண்ணியை யார் தேக்கி வைக்கப்போகிறார்கள்? புகை அடிக்கும் வண்டியைவிட அதற்குத்தான் கொசு பயப்படும்.